கத்திரி வெயிலில் வீட்டுச் சுகங்கள்: பானை பழக்குவது முதல் மொட்டை மாடி இரவு வரை

ஒவ்வோர் ஆண்டும் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28-ஆம் தேதி வாக்கில் முடிகிற அக்னி நட்சத்திர நாட்களை, எப்படியாவது கடத்திவிட வேண்டிய தண்டனைக் காலமாகவே பலரும் பார்க்கிறார்கள். சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தை விட்டு நீங்கும் இந்த மூன்றரை வாரத்தை எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வடகம் காய்வதும், நுங்கு வண்டி தெருவுக்கு வருவதும், மல்லிகை மலிவாகக் குவிவதும், மாம்பழம் வீட்டை மணக்கச் செய்வதும், மொட்டை மாடியில் பாய் விரிப்பதும் இந்த வெயில் கொண்டுவந்து கொடுப்பவைதான்.

இந்தச் சுகங்கள் எவையும் நினைத்த மாத்திரத்தில் கிடைப்பவை அல்ல. மதியம் குளிர்ந்த நீர் வேண்டுமானால் பானை போன வாரமே பழகியிருக்க வேண்டும். காலையில் நீராகாரம் வேண்டுமானால் இரவே சோற்றில் நீர் ஊற்றியிருக்க வேண்டும். இரவில் மாடி குளிர வேண்டுமானால் மாலை ஐந்தரை மணிக்கே குடத்தைத் தூக்கியிருக்க வேண்டும். வெயிலுக்கு அரை நாள் முந்திக்கொள்கிற வீட்டில்தான் கோடை இனிமையாகக் கழியும் என்பதால், இந்த வழிகாட்டி ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தொடங்குகிறது.

ஒரு வாரம் முன்பு: பானையைப் பழக்குதல்

பானை வாங்கும்போது வண்ணம் பூசியதையும் பளபளப்பாக மெருகேற்றியதையும் தவிர்த்துவிடுங்கள். பானை நீரைக் குளிர வைப்பதே அதன் மேனியில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கசிகிற நீர் காற்றில் ஆவியாவதால்தான். பூச்சு அந்தத் துளைகளை அடைத்துவிடும். விரலை மடக்கிச் சுண்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மழுங்கிய ஓசை வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு பெரிய வாளியிலோ தொட்டியிலோ பானையை முழுவதுமாக மூழ்க வைத்து ஓர் இரவு விடுங்கள். போட்ட சிறிது நேரத்துக்கு அதன் மேனியெங்கும் குண்டூசித் தலையளவு குமிழ்கள் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக விடுபட்டு மேலே வரும். துளைகளில் இருந்த காற்றை நீர் வெளியேற்றுகிறது. மறுநாள் நீர் நிரப்பி, அந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, மீண்டும் நிரப்ப வேண்டும். மூன்று நாட்கள் இப்படிச் செய்தால் பச்சை மண் வாசனை அடங்கி, குடிக்க இதமான ஒரு மெல்லிய வாசனை மட்டும் மிஞ்சும்.

பிறகு இடம் பார்த்து வைக்க வேண்டும். பானைக்குத் தேவை நிழலும் காற்றோட்டமும். சமையலறை மூலையில் ஒடுக்கி வைத்தால் அது வேலை செய்யாது. ஆற்று மணலைப் பரப்பி அதை நனைத்து, அதன்மேல் பானையை வைத்து, சுற்றிலும் ஈரத் துணியைச் சுற்றிவிடுவது நல்லது. 10 லிட்டர் நீர் 10 டிகிரி குளிர்வதற்கு, கணக்கின்படி 170 கிராம் நீர், அதாவது ஏறத்தாழ ஒரு டம்ளர் நீர், ஆவியானால் போதும். வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆவியாக வேண்டியிருக்கும் என்றாலும், ஒரு டம்ளர் நீரைக் காற்றுக்குக் கொடுத்து ஒரு பானை நீரைக் குளிரவைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன். திருச்சி, வேலூர் போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட காற்றில் பானை நன்றாகக் குளிரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் குளிர்ச்சி சற்றுக் குறையும். அங்கே சன்னலோரத்தில் வைப்பது அவசியம்.

ஒரு பிடி வெட்டிவேரைக் கழுவி, மெல்லிய துணியில் முடிந்து உள்ளே போடலாம். மூன்று நாட்களுக்கு ஒருமுறை அதை எடுத்து வெயிலில் உலர்த்திவிட்டு மீண்டும் போடுங்கள். பானையைச் சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது. துளைகளில் ஏறிய சோப்பு பல நாட்களுக்கு நீரில் கரைந்துகொண்டே இருக்கும். தேங்காய் நாரும் வெறும் நீரும் போதும்.

முந்தின இரவு: சோறும் தயிரும்

பழைய சோற்றுக்குப் புழுங்கல் அரிசிச் சோறே ஏற்றது. பச்சரிசிச் சோறு நீரில் குழைந்து கூழாகிவிடும். இரவு உணவுக்கு வடித்த சோற்றில் மிஞ்சியதை முற்றிலும் ஆறவிட்டு, மண்சட்டியில் இட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி நீர் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி வையுங்கள். இரவு 10 மணிக்கு ஊற்றினால் காலை 7 மணிக்குப் பதமாக இருக்கும். லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இந்த ஒன்பது மணி நேரத்தில் சோற்றை இலேசாகப் புளிக்கச் செய்திருக்கும். குளிர்காலத்தில் இதைவிட நேரம் எடுக்கும். கத்திரியில் 12 மணி நேரத்தைத் தாண்டவிடக் கூடாது. சோறு நூலாக இழைந்தாலோ, புளிப்பைத் தவிர வேறு வாடை வந்தாலோ, தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

கோடையில் தயிர் புளித்துப்போகிறது என்று குறைப்படுபவர்கள், உறை ஊற்றும் நேரத்தையும் அளவையும் மாற்றிப் பார்க்கலாம். மாலையில் ஊற்றுவதற்குப் பதிலாக, படுக்கப்போகும் முன், பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கும் கீழே இறங்கிய பிறகு, வழக்கத்தில் பாதியளவே உறை ஊற்றினால், விடியற்காலையில் இனிப்பான தயிர் கிடைக்கும்.

விடியற்காலை: வடகம் பிழிதல்

இந்தப் பருவத்தின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வடகம்தான். கத்திரியின் வெயிலை டின்னில் அடைத்து ஐப்பசி மழைக்காலத்தில் எடுத்துப் பொரிப்பதற்கு ஈடாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

பழைய பச்சரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மாவாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மாவுக்கு 100 கிராம் சவ்வரிசியை இரவே ஊற வையுங்கள். காலை 5 மணிக்கெல்லாம் அடுப்பு மூட்டிவிட வேண்டும். மாவு ஒரு பங்குக்கு நீர் மூன்று பங்கு என்று அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, ஊறிய சவ்வரிசியைப் போட்டு, அது கண்ணாடிபோல் ஆனதும், அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, அடுப்பைத் தணித்து, மாவைத் தூவிக்கொண்டே கட்டி விழாமல் கிளற வேண்டும். நீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது. சூடு தணிந்த பிறகு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் கசந்துபோகலாம்.

முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் தவறுவது உப்பில்தான். நீர் வற்றிக் கூழ் சுருங்கும்போது உப்பு அப்படியே தங்கிவிடுவதால், கூழை ருசி பார்க்கையில் உப்பு சரியாக இருந்தால் பொரித்த வடகம் கரிக்கும். கூழில் உப்பு போதவில்லையே என்று தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து, மொட்டை மாடியில் ஒரு பாயின்மேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். கூழ் வெதுவெதுப்பாக இருக்கும்போதே தேன்குழல் அச்சில் நிரப்பி, கையளவு வட்டங்களாகப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் அச்சு நகராது, தோள்தான் வலிக்கும். 7 மணிக்குள் முடித்துவிட்டால் வெயில் ஏறுவதற்குள் கீழே இறங்கிவிடலாம். காக்கையை விரட்டுவதற்கு, விரித்துவைத்த கறுப்புக் குடை ஒன்றை நடுவில் நிறுத்துவது பல வீடுகளில் வழக்கம். ஆனால் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு குச்சியுடன் காலை வேளையில் மட்டும் உட்காரவைப்பதைப்போல் வராது.

பிற்பகல் 4 மணிக்கு மேலே போய்ப் பாருங்கள். காலையில் வெள்ளையாகவும் ஈரமாகவும் இருந்த வட்டங்கள், மேலே ஒரு மெல்லிய தோல் கட்டி, ஓரங்கள் சற்றே மேலெழும்பி, கீழே துணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைப் பெயர்த்து வாயில் போட்டால், மேல்புறம் பல்லுக்கு இழுவையாகவும் உள்ளே கூழாகவும், புளிப்பும் காரமும் வெயிலின் மணமுமாக இருக்கும். அந்த அரைக் காய்ச்சல் வடகத்துக்காகவே எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாடிக்காவலுக்குப் போட்டிபோடுவார்கள். பத்தில் ஒன்றை அதற்கென்று கணக்கில் எழுதிவிட்டே பிழிவது என் வழக்கம். மாலையில் துணியைக் கவிழ்த்து, பின்புறம் நீர் தெளித்து, ஐந்து நிமிடம் கழித்து உரித்தால் உடையாமல் வந்துவிடும். பிறகு தாம்பாளத்தில் பரப்பி மேலும் இரண்டு நாள் காய வேண்டும். பட்டென்று ஒடிந்தால்தான் டின்னுக்குப் போகலாம். வளைந்தால் இன்னொரு நாள் வெயில் வேண்டும்.

இதே வெயிலில் மோர்மிளகாயும் போட்டுவிடலாம். காம்போடு நுனியைக் கீறிய குண்டு மிளகாயை, உப்புச் சேர்த்த புளித்த தயிரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அதன்பின் பகலில் எடுத்து வெயிலில் காயவைத்து, இரவில் மீண்டும் அதே தயிரில் போட்டு, தயிர் முழுவதும் ஏறிக்கொள்ளும்வரை தொடர்ந்தால் போதும்.

காலை 8 மணி: வீட்டை மூடுதல்

சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் என்ற பொதுவான நினைப்பில் தெற்குச் சன்னலுக்கு மட்டும் திரை போடுகிறவர்கள் உண்டு. கத்திரி நாட்களில் அது தலைகீழானது. ஏப்ரல் மாதத்திலேயே சூரியன் கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை ஒவ்வோர் ஊரின் உச்சியையும் கடந்து வடக்கே போய்விடுகிறது. சென்னையில் உச்சிப் பொழுதில் நிழல் காலடியில் மறையும் நாள் ஏப்ரல் 24 வாக்கில் வருகிறது. ஆகவே மே மாதம் முழுவதும் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் தெற்குச் சுவரில் நேர் வெயில் விழாது. கூரையும் கிழக்கும் மேற்கும், ஓரளவு வடக்கும்தான் காய்கின்றன. பகலில் ஒதுங்குவதற்குத் தெற்கு அறையைத் தேர்ந்தெடுங்கள்.

கிழக்குச் சன்னலைக் காலை 8 மணிக்கும், மேற்குச் சன்னலை நண்பகலிலும் மூட வேண்டும். மறைப்பு சன்னலுக்கு வெளியே இருப்பதுதான் முறை. உள்ளே தொங்கும் திரைச்சீலையை எட்டும்போது வெப்பம் கண்ணாடியைக் கடந்து வீட்டுக்குள் வந்துவிட்டிருக்கும். வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ அதை வாசலிலேயே நிறுத்திவிடும். வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்த முதல் ஐந்து நிமிடத்தில் அறைக்குள் வரும் மணத்துக்காகவே அதை வாங்கலாம். கடலோர ஊர்க்காரர்கள், கடற்காற்று உள்ளே வரும் நேரத்தைக் கவனித்து, அது வீசத் தொடங்கியதும் கிழக்கையும் தெற்கையும் திறந்துவிட வேண்டும். அந்தக் காற்று வரத் தாமதமாகும் நாளில்தான் சென்னையில் வெயில் எல்லை மீறுகிறது. அங்கே 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது.

பகல்: குடிப்பவையும் தின்பவையும்

காலை உணவு பழைய சோறு. உப்பிட்டு, கையால் பிசைந்து, காலையில் கடைந்த மோர் ஊற்றி, உரித்த சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுங்கள். மாவடு இருந்தால் வேறொன்றும் தேவையில்லை.

நுங்கு முற்பகலில் வாங்க வேண்டும், வாங்கிய அன்றே தின்றுவிட வேண்டும். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண்கள் இருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்கி, உள்ளே நீர் அசைவது தெரிந்தால் அது இளநுங்கு. தேங்காய்போல் விறைத்திருந்தால் முற்றிவிட்டது. வெட்டி எடுத்த சுளைகளைவிட, சீவிய காயாகவே வாங்கி வந்து, கட்டைவிரலைக் கண்ணுக்குள் நுழைத்துச் சுழற்றி, நீர் முகத்தில் தெறிக்க உறிஞ்சித் தின்பதே நுங்கு தின்னும் முறை என்பேன். மெல்லிய மஞ்சள் தோலைத் துவர்ப்புக்கு அஞ்சி எறிந்துவிடாதீர்கள். கொஞ்சம் சேர்த்துத் தின்னலாம், மிச்சத்தை வேர்க்குருவின்மேல் தேய்க்கும் வழக்கமும் உண்டு. தின்று முடித்த இரண்டு வெற்றுக் காய்களை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் பிள்ளைகளுக்கு நுங்கு வண்டி.

நீர்மோருக்குத் தயிர் ஒரு பங்கு, பானை நீர் நான்கு பங்கு. தயிரை முதலில் மத்தால் நன்றாகக் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டுத்தான் நீர் சேர்க்க வேண்டும். தயிரையும் நீரையும் ஒன்றாகக் கலக்கி ஆற்றினால் அது நீர்த்த தயிரே தவிர மோராகாது. இஞ்சியும் பச்சை மிளகாயும் உரலில் நசுக்கியவையாகவும், கறிவேப்பிலை கையால் கிள்ளியதாகவும் இருக்கட்டும். பெருங்காயமும் உப்பும் கொத்தமல்லியும் சேர்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். ஐஸ் போட்டால் நாக்கு மரத்து மணம் தெரியாமல் போய்விடும் என்பதால் நான் போடுவதில்லை.

பானகம் இதைவிட எளிது. 100 கிராம் வெல்லத்தை முக்கால் லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, அரைக் கரண்டி சுக்குப்பொடி, தட்டிய ஏலக்காய் மூன்று, ஒரு சிட்டிகை உப்பு, கடுகளவு பச்சைக் கற்பூரம் சேர்த்தால் முடிந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் நீர்மோரோடு நின்றுகொள்வது நல்லது.

மாம்பழத்தைத் தின்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் பானை நீரில் மூழ்க வைத்தால், காம்பில் வடிந்த பால் கழுவப்பட்டு, பழமும் குளிர்ந்துவிடும். பங்கனப்பள்ளி முதலில் வரும். இமாம்பசந்து சில வாரங்களே இருக்கும் என்பதால் கண்ட அன்றே வாங்கிவிடுங்கள். நீலம் கடைசியில், ஆனி மாதத்தில்தான் நன்றாக இருக்கும். காயாக வாங்கி வைக்கோலில் பழுக்கவைப்பதே நம்பகமானது. மேனி முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்தும் காம்பருகே முகர்ந்தால் மணமே இல்லாத பழத்தை விட்டுவிடுங்கள்.

12 முதல் 3 மணி வரை வெளியே போகாமல் இருப்பதே நலம். தரையை ஈரத் துணியால் துடைத்து, மெத்தையில்லாமல் பாயில் படுத்துப் பாருங்கள். தூக்கம் வராதவர்கள் பல்லாங்குழியை எடுக்கலாம்: பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை அல்லது சோழி. இருட்டிய அறையில் கொட்டை குழியில் விழும் சத்தமும், நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளுகிற கையுமாகப் பிற்பகல் போவதே தெரியாது.

மாலை: மாடியைக் குளிரவைத்தல்

பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கிய கூரைத் தளம் அதை நள்ளிரவு வரை விட்டுக்கொண்டிருக்கும். ஐந்தரை மணிக்கு முதலில் பெருக்கிவிட்டு, ஒரு வாளி நீரைக் கையால் விசிறித் தெளியுங்கள். முதல் தெளிப்பில் தரை உஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டு, முகத்தில் அடிக்கிற ஆவியைக் கிளப்பும். அது முற்றிலும் உலர அரை மணி நேரம் விட்டு, இரண்டாவது முறை தெளிக்க வேண்டும். இரண்டாம் தெளிப்பு மெதுவாக உலர்ந்தால் தளம் தணிந்துவிட்டதென்று அறியலாம். ஊற்றித் தேக்குவதால் நீர்தான் வீணாகும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் அரிசி, காய்கறி கழுவிய நீரைச் சேர்த்துவைத்துத் தெளிக்கலாம்.

இதற்கிடையில் குளித்துவிடுங்கள். காலையில் வாங்கிய மல்லிகை மொட்டுகளை ஈரத் துணியில் சுற்றிப் பானையருகே வைத்திருந்தால், மாலையில் தொடுக்கும்போது விரலிடுக்கிலேயே அவிழத் தொடங்கும்.

இரவு: நிலாச்சோறும் வானமும்

கோரைப்பாய், மெல்லிய பருத்திப் போர்வை, ஒரு செம்பு பானை நீர், பனையோலை விசிறி ஆகியவை போதும். தயிர்சாதத்தை ஒரே பாத்திரத்தில் பிசைந்து எடுத்துப்போய், சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் உள்ளங்கையில் உருட்டி வைப்பது எந்த இரவிலும் சுவைதான். சித்திரா பௌர்ணமியன்று அதற்கு நிலாச்சோறு என்று பெயர்.

விளக்கை அணைத்துவிட்டு, கண் பழக இருபது நிமிடம் கொடுங்கள். மே மாத நடுவில் இரவு 9 மணிக்கு, வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்கு மேலே நிற்கும். அதன் வாலில் கடைசிக்கு முந்தின மீன் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. வாலின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சளாக ஒளிரும் சுவாதியும், மேலும் நீட்டினால் நீலவெள்ளையான சித்திரையும் கிடைக்கும். அதே நேரத்தில் தெற்கே திரும்பினால் தென்சிலுவை நேராக நின்றுகொண்டிருக்கும். அது சென்னையில் தொடுவானத்திலிருந்து சுமார் 17 பாகையும், கன்னியாகுமரியில் 22 பாகையும் உயரத்தில் தெரியும்; கையை நீட்டி முஷ்டியை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்து அளந்துகொள்ளலாம். கத்திரிக்கு நட்சத்திரமான கார்த்திகையை மட்டும் இந்த நாட்களில் தேடாதீர்கள். சூரியன் அதனருகே இருப்பதால் அது பகல் வெளிச்சத்துக்குள் மறைந்திருக்கிறது. ஆடி மாதத்தில் பின்னிரவில் கிழக்கே பார்க்கலாம்.

மேற்கே மின்னல் வெட்டத் தொடங்கினால் மாடியில் இருக்கக் கூடாது. கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. புழுதி மணம் எழுந்த சில நிமிடங்களில் பெருந்துளி விழும். பாயை எடுப்பதற்கு முன் வடகத் தாம்பாளத்தை எடுங்கள். பாதி காய்ந்த வடகத்தை மூடிய பாத்திரத்தில் வைத்தால் மறுநாள் பூஞ்சை பிடித்துவிடும். கூடத்தில் ஒரு வேட்டியை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, இரவு முழுவதும் மின்விசிறிக் காற்றில் விட்டு, காலையில் மாடித் தரை காய்ந்ததும் மீண்டும் மேலே கொண்டுபோகலாம்.